பின்புறத்தில் ஒரு சின்னத் தோப்பு

மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, ஓரமாக முந்திரி என்று ஒருவழியாக எல்லாம் நட்டாயிற்று. முந்திரிக்கு வீட்டில் எதிர்ப்பு. கொட்டை ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கும் என்பது உண்மைதான். சரி, உடைப்பது என் பொறுப்பு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குழி 3 அடிக்கு 3 அடி. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மக்கிய தொழு உரம் கலந்து போட்டேன். பையைக் கிழித்ததும் முதலில் பார்ப்பது வேரைத்தான். அடியில் வளையமாகச் சுற்றிக் கிடந்தால் அந்தச் சுருளை வெட்டிவிடுவேன். விட்டால் பிற்பாடு மரத்தையே நெரிக்கும். ஒட்டுப்போட்ட முண்டு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது எல்லாம் வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேறு செடியின் தளிர், பார்த்த உடனே கிள்ளிவிட வேண்டியதுதான்.

மாவுக்கு 30 அடி இடைவெளி விட்டதற்கு, "இவ்வளவு இடத்தை ஏன் வீணாக்குறே?" என்று கேட்காத ஆள் இல்லை. நடுவில் பப்பாளி வைத்திருக்கிறேன். மா படர்வதற்குள் அது காய்த்து ஓய்ந்துவிடும். அப்புறம், ஒட்டு மா சின்னக் கன்றாக இருக்கும்போதே பூத்துவிடும். முதல் சில வருடம் அந்தப் பூவையும் கிள்ளிப் போட வேண்டும். வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகச் செய்வதாக இருக்கிறேன்.