240இசட்: பின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்ட வேலை

நிசான் 1970களில் விற்ற ஸ்போர்ட்ஸ் காரான டாட்சன் 240இசட்டில், பின்பக்கம் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நம்பித்தான் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஒரே ஒரு முறை மிதித்து நிறுத்தும் தூரத்தை அளந்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. பலன் வேறு இடங்களில் இருக்கிறது. டிரம்முக்குள் விரிந்து பிடிக்கும் ஷூவை அடிக்கடி அட்ஜஸ்ட் செய்யத் தேவையில்லை. தண்ணீரில் இறங்கி ஏறினால் உடனே பிடிக்கும். மலை இறக்கத்திலோ டிராக்கிலோ தொடர்ந்து மிதித்தாலும் சூட்டில் பிடிப்பு விடுவது குறையும். இந்த மூன்றும் வேண்டாமென்றால் பழைய டிரம்மையே ஷூவுக்கு நல்ல லைனிங் (உராயும் பட்டை) போட்டு வைத்துக்கொள்ளலாம். 228.6 மி.மீ. விட்டம், அலுமினிய உடல், உள்ளே இரும்பு வளையம்: அந்தக் காலத்துக்கு அது நல்ல டிரம்தான். முன் காலிப்பர் (டிஸ்க்கைப் பேட்டால் கவ்வும் பாகம்) இறுகிக் கிடக்கும் வண்டியில் பின்பக்கத்துக்குச் செலவழிப்பதில் அர்த்தமே இல்லை.

அமெரிக்காவுக்குப் போன இசட் கார்களில் 1970 முதல் 1978 வரை 240, 260, 280 மூன்றுக்கும் பின்னால் டிரம்தான். 1979இல் வந்த 280இசட்எக்ஸில்தான் நிசான் பின் டிஸ்க் கொடுத்தது. இதனால் இந்த மாற்றத்துக்கு வேண்டிய பாகங்கள் பெரும்பாலும் அதே குடும்பத்திலிருந்தே கிடைக்கின்றன: 1982–83 இசட்எக்ஸின் காலிப்பர், அல்லது 1989க்குப் பின் வந்த 240எஸ்எக்ஸின் காலிப்பர். இரண்டிலும் ஒரே பிஸ்டன், ஹேண்ட் பிரேக் பொறி காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது.

பாகம் வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். வண்டி எடை சுமார் 1,040 கிலோ, வீல்பேஸ் 2,305 மி.மீ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 500 மி.மீ. உயரத்தில் இருப்பதாகவும், எடை முன்னும் பின்னும் சரிபாதி என்றும் வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோட்டில் 0.8 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) அளவுக்கு மிதித்தால் சுமார் 180 கிலோ முன்னால் சாயும். முன் சக்கரங்களில் 700, பின் சக்கரங்களில் 340. பிரேக் வேலையில் பின்பக்கத்தின் நியாயமான பங்கு 33 சதவீதம். ஈர ரோட்டில் 0.4 ஜி என்றால் 610க்கு 430, அதாவது பின்பக்கப் பங்கு 41 சதவீதம்.

இனி பிஸ்டன். ஒரிஜினல் முன் காலிப்பரில் டிஸ்க்கின் பக்கத்துக்கு ஒன்றாக 53.97 மி.மீ. பிஸ்டன்; பரப்பு 2,288 சதுர மி.மீ. டிஸ்க்கில் பேட் பிடிக்கும் சராசரி ஆரம் 110 மி.மீ. என்று கொள்ளலாம். பின்னால் 34 மி.மீ. பிஸ்டனும் 105 மி.மீ. ஆரமும் இருந்து, நான்கு சக்கரத்திலும் ஒரே ரகப் பேட் இருந்தால், பின்பக்கம் செய்யும் வேலை 27.5 சதவீதம். இது பின்பக்கப் பிரஷரைக் குறைக்கும் வால்வு எதுவும் இல்லாத நிலையில். அதையே 43 மி.மீ. பிஸ்டனாகப் போட்டால் 37.7 சதவீதம் ஆகிவிடும். 33 மட்டுமே தாங்கும் இடத்தில் 37.7 கொடுத்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும் (சுற்றாமல் நின்று வழுக்கும்), இவ்வளவு குட்டை வீல்பேஸ் வண்டி அப்படியே சுழன்றுவிடும். ஆகவே பழைய பாகக் கடையில் காலிப்பரைக் கையில் எடுத்ததும் பிஸ்டன் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். ஒரே பெயரில் வந்த காலிப்பர்களிலும் வருஷத்துக்கு வருஷம் பிஸ்டன் மாறியிருக்கலாம். ‘பெருசா இருந்தா நல்லது’ என்பது பின் பிரேக்கில் செல்லாது.

டிரம்மில் இன்னொரு விஷயமும் உண்டு. சக்கரம் சுற்றும் திசையில் இருக்கும் ஷூவைச் சுற்றும் டிரம்மே இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. அதோடு, பின் சக்கரம் லாக் ஆகாமல் இருக்க ஃபேக்டரி வைத்த பிரஷர் குறைக்கும் வால்வு டிரம்மை மனதில் வைத்து அமைத்தது. அதை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க் போட்டால் பின்பக்கம் சும்மா வேடிக்கை பார்க்கும், முன் பேட் மட்டும் தேயும். மாற்றம் செய்த பிறகு ‘முன்னைவிட மோசம்’ என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

கழற்றும் வேலைக்கு வருவோம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டபின் டிரம்மை இழுக்கவும். வராவிட்டால் சுத்தியலால் விளிம்பை அடிக்காதீர்கள், அலுமினியம் உடையும். டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். இரண்டு 8 மி.மீ. போல்ட்டை மாற்றி மாற்றித் திருகினால் தானே வெளியே வரும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் போன பிறகு அவற்றைத் தாங்கிய தகடான பேக்கிங் பிளேட் மிஞ்சும். அது சக்கரம் மாட்டும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலின் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. கிரைண்டரால் வெட்டி எடுப்பது ஒரு வழி. ஆனால் பொறியும் இரும்புத்தூளும் ஆயில் சீலுக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் போகும். ஐம்பது வருஷப் பேரிங்கை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பதால் ஸ்டப் ஆக்சிலையே இழுத்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்கு வரும் ஹாஃப் ஷாஃப்டின் வெளிமுனையைப் பிரித்துக் கீழே தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கவும். நடு நட்டின் உதடு ஷாஃப்ட் காடிக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பை முதலில் சிறிய கிரைண்டராலோ உளியாலோ நீக்காமல் நட்டைத் திருப்பினால் ஷாஃப்டின் மரை உரிந்து வரும், பிறகு ஷாஃப்டே வேறு தேட வேண்டியதுதான். நட் போனதும் ஸ்லைடு ஹாமரை வீல் ஸ்டட்களில் மாட்டி இழுத்தால் வெளிப் பேரிங்கோடு ஸ்டப் வந்துவிடும்.

உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு இடைக்குழாய் இருக்கிறது. அதில் ஏ, பி, சி என்று எழுத்து குத்தியிருக்கும். ஹவுசிங்கில் உள்ள எழுத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். இடதும் வலதும் கலந்துவிட்டால் பேரிங் சூடேறும் அல்லது ஆடும். எடுத்த உடனே தனித்தனிப் பையில் பக்கம் எழுதிப் போட்டுவிடுங்கள். எஞ்சினில் சக்தி கூட்டும் எண்ணம் இருந்தால், கடைசி வருஷ 280இசட்டின் 27 பல் ஸ்டப் ஆக்சிலைப் போட இதுதான் நேரம்; 240இல் இருப்பது 25 பல். அதற்குப் பொருத்தமான ஃபிளாஞ்சும் சேர்த்து வாங்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது புதிய நட், 25 முதல் 33 கிலோகிராம்-மீட்டர் டார்க், பிறகு உதட்டை மடக்குவது.

பேக்கிங் பிளேட் இருந்த இடத்தில் காலிப்பர் பிராக்கெட் உட்காரும். போல்ட் 10.9 தரமாக இருக்கட்டும், மரையில் லாக்கிங் திரவம் தேவை. பிராக்கெட்டின் கனமும் பழைய தகட்டின் கனமும் வேறு என்பதால் பழைய போல்ட் நீளம் சரிவரும் என்று எண்ண வேண்டாம். முழு மரையும் பிடிக்கிறதா, நுனி எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க்கை மாட்டியதும் அதன் நடுத்துளை ஹப்பின் மீது ஆடாமல் உட்கார வேண்டும். வேறு மாடலின் டிஸ்க் என்றால் துளை பெரிதாக இருக்கும், ஸ்டட் மட்டுமே அதைத் தாங்கும். ஸ்டட்டின் வேலை இறுக்குவது, மையப்படுத்துவது அல்ல. லேத்தில் ஒரு வளையம் கடைந்து போட்டால் இந்தத் தொல்லை தீரும். பிறகு இரண்டு வீல் நட்டால் டிஸ்க்கை இறுக்கி, டயல் கேஜை விளிம்பில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளக்கவும். நான்கு நிலையிலும் ஆடினால் ஹப் முகத்தில் துரு இருக்கும், அல்லது டிஸ்க்கே கோணல். வீல் மாட்டிய பின் நட் குறைந்தது பத்துச் சுற்று ஏற வேண்டும், 12 மி.மீ. ஸ்டட், 1.25 மரை என்பதால் அதற்குக் குறைந்தால் போதாது. டிஸ்க் தொப்பியின் கனம் டிரம்மைவிட அதிகமென்றால் நீளமான ஸ்டட் தேவைப்படும். 14 அங்குல ஒரிஜினல் சக்கரத்தை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் காலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்று அட்டையில் வெட்டி முன்கூட்டியே பார்த்துவிடுவது உத்தமம்.

காலிப்பரை எந்தப் பக்கம் மாட்டினாலும், ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள் மேலே இருக்க வேண்டும். பிராக்கெட் காலிப்பரை ஆக்சிலுக்கு முன்னால் வைக்கிறதா பின்னால் வைக்கிறதா என்பதைப் பொறுத்து இடது காலிப்பர் வலதுக்குப் போகவேண்டி வரலாம். நிப்பிள் கீழே போனால் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

ஹோஸை உடலில் இருந்து நேராகக் காலிப்பருக்கு எடுத்தோம். காலிப்பர் முனையில் பான்ஜோ போல்ட் (நடுவில் ஆயில் போகும் துளை உள்ளது), அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு செப்பு வாஷர், ஒவ்வொரு முறையும் புதிது. சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டும் ஜாக்கியால் முழுக்க மேலே தூக்கியும் ஹோஸ் இழுபடவோ ஷாஃப்டில் உரசவோ இல்லை என்று உறுதி செய்த பிறகே கிளிப் போட வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது ஆயிலில் பிரஷர் உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு சோதனை. டிரம்முக்குப் போகும் வழியில் சிறு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கலாம். பின் வழியின் முனையைக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் துண்டாகத் தெரியும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்கில் அதை விட்டுவைத்தால் பேட் எப்போதும் உரசி டிஸ்க் கொதிக்கும். அதை நீக்கிவிட வேண்டும். இரண்டாவது, அளவு. ஒரிஜினல் 22.22 மி.மீ. சிலிண்டரிலேயே ஓட்டலாம், பெடல் கொஞ்சம் கீழே போகும். 280இசட்எக்ஸின் 23.81 மி.மீ. சிலிண்டர் போட்டால் பெடல் இறக்கம் 13 சதவீதம் குறையும். அதே பிரஷருக்குக் காலால் 15 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். பூஸ்டர் நல்ல நிலையில் இருந்தால் இது தெரியாது. முன், பின் வழிகளை உடலில் உள்ள குறியைப் பார்த்தே இணைக்க வேண்டும், பழைய குழாய் எங்கே எட்டுகிறது என்று பார்த்து அல்ல.

ஃபேக்டரியின் பிரஷர் வால்வு இருக்கும் இடம் வருஷத்துக்கு வருஷம் மாறும். பின் பிரேக் குழாயைத் தொடர்ந்து போனால் கிடைக்கும். அதை எடுத்துவிட்டு, குழாய் இடதும் வலதுமாகப் பிரிவதற்கு முன்னால் கையால் திருகக்கூடிய வால்வு ஒன்றைப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் எது என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மாற்றத்தில் ஆளை வாட்டும் பகுதி ஹேண்ட் பிரேக்தான். காலிப்பர் பிஸ்டனுக்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. பேட் தேயத் தேய அது தானே நீண்டு இடைவெளியைச் சரிசெய்யும். அதனால் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அமுக்கி உள்ளே தள்ளக் கூடாது, ஸ்க்ரூ கெட்டுவிடும். கருவியால் வலமாகத் திருகித்தான் அனுப்ப வேண்டும். பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டும் பேட்டின் முதுகில் உள்ள சிறு முனையும் சரியாகச் சேர வேண்டும். சேராவிட்டால் பேட் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பக்கமாகத் தேயும்.

கேபிளை இப்போது தொடவே வேண்டாம். தளர்வாக விட்டுவிட்டு, ஏர் எடுத்து முடித்த பிறகு பெடலைப் பலமுறை மிதித்தும் காலிப்பரில் கேபிள் மாட்டும் கையை ஸ்பேனரால் இழுத்து விட்டும் உள் ஸ்க்ரூவைத் தன் இடத்துக்கு வரச் செய்யவும். அதன் பிறகுதான் கேபிள். 240இன் கேபிள் முனைக் கொக்கி புதிய காலிப்பர் கைக்கு அப்படியே பொருந்தாது. கொக்கியை விரித்தோ, சிறு இணைப்புத் தகடு செய்தோ மாட்ட வேண்டும். இழுக்கும் திசை கைக்கு நேராக இருக்கட்டும், கோணலாக இழுத்தால் பாதி பலம் வீண். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் இரண்டு காலிப்பர் கையும் தம் தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றாலும் உள்ளே இருக்கும் பொறி அட்ஜஸ்ட் ஆகாது. பேட் தேயும், பெடல் நாளுக்கு நாள் கீழே போகும், ஆயிலில் காற்று என்று நினைத்து ஆளாளுக்கு ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பெடல் கீழே போகிறது என்று வரும் வண்டியில் நாங்கள் முதலில் பார்ப்பது இந்தத் தடுப்பைத்தான்.

ஏர் எடுப்பதில் புதிதாக ஒன்றுமில்லை: மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன்பே மேஜையில் ஏர் எடுத்து, பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது. பழைய ஆயிலை முழுக்க வெளியேற்ற ஒரு லிட்டர் டாட் 4 போதும்.

புதிய பேட் டிஸ்க்கோடு பழக, 60 கி.மீ. வேகத்திலிருந்து 15க்கு நடுத்தரமாக மிதித்துக் குறைப்பதை எட்டுப் பத்துத் தரம் செய்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டவும். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்தபடி வைத்திருந்தால் பேட் பொருள் ஒரே இடத்தில் ஒட்டி, அதன் பிறகு அதிரும். வால்வை பிரஷர் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் வைத்து, காலியான இடத்தில், வெளியே ஒருவர் நின்று சக்கரத்தைப் பார்க்க, 40 கி.மீ. வேகத்தில் லாக் ஆகும்வரை மிதிக்க வேண்டும். முன் சக்கரம் முதலில் லாக் ஆவதே சரி. வால்வைச் சுற்றுச் சுற்றாகத் திறந்துகொண்டே போய், பின் சக்கரம் முந்தும் இடம் வந்ததும் ஒரு சுற்று குறைத்து விடவும். கணக்கில் 34 மி.மீ. பிஸ்டன் என்றால் வால்வு கிட்டத்தட்ட முழுதும் திறந்த நிலையில்தான் நிற்கும். அரைகுறையாகத் திறந்ததுமே பின் சக்கரம் முந்தினால் முன் காலிப்பரில் ஏதோ ஒரு பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும். டயரோ பேட் ரகமோ மாறினால் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட், பிராக்கெட் போல்ட், பான்ஜோ மூன்றையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.