பம்ப் ஓடுவது இருக்கட்டும், ஆயில் போய்ச் சேர்கிறதா?

சென்ட்ரல் லூப்ரிகேஷன் இருக்கிற மெஷினில் ஸ்லைடு, அதாவது மேசை வழுக்கி நகர்கிற தடம், கோடு விழுந்து, தேய்ந்து போய்க் கிடந்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு ஆயில் விடுகிற நிப்பிள் நிப்பிளாகத் தேடி அலைய வேண்டாம் என்றுதானே ஒரு டேங்க், ஒரு பம்ப், அங்கிருந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு டியூப் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கம் விஎம்சி (கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைக் கடைகிற மெஷின்) ஓடுகிற ஷெட்டில் போய் ஆபரேட்டரைக் கேட்டால், "பம்பு ஓடுதுண்ணே, அலாரம் எதுவும் வரலண்ணே" என்பார். அது உண்மைதான், ஆனால் அதை வைத்து ஆயில் போகிறது என்று முடிவு கட்ட முடியாது.

ஏனென்றால் அலாரம் கொடுக்கிற பிரஷர் சுவிட்ச், பம்பிலிருந்து வருகிற மெயின் லைனைத்தான் பார்க்கிறது. அந்த லைனில் வருகிற ஆயிலை டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் (ஆயிலைப் பங்கு பிரிக்கிற கட்டை) உள்ள கார்ட்ரிட்ஜ் அளந்து, ஒரு தடவைக்கு 0.03, 0.05, 0.1 சிசி என்று துளித்துளியாக அனுப்பும். அதைத் தாண்டி இருக்கிற டியூப் அறுந்தால் மெயின் லைனில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பிரஷர் வழக்கம்போல ஏறும், சுவிட்ச் ஓகே கொடுத்துவிடும், ஆயில் மட்டும் மெஷின் பெட்டுக்கு அடியில் இரும்புச் சீவலோடு வடிந்துகொண்டிருக்கும். புரோக்ரஸிவ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் பிஸ்டன்கள் ஒன்றுக்கு அடுத்து ஒன்று நகர்வதால், ஒரு வாய் அடைத்துக்கொண்டால் மொத்தமும் நின்று அடைப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். அறுந்த டியூப் அதற்கும் தெரியாது. இன்னொன்று, பிஸ்டன் வைத்த கார்ட்ரிட்ஜ் என்றால் பம்ப் நின்றதும் லைன் பிரஷர் இறங்க வேண்டும், அப்போதுதான் அடுத்த டோஸ் உள்ளே நிரம்பும். அந்தப் பிரஷரை இறக்கிவிடுகிற வால்வு மூடியபடியே ஒட்டிக்கொண்டால் பம்ப் பாட்டுக்கு ஓடும், ஒரு சொட்டு வெளியே வராது.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குச் சொட்டுநீர் போட்டவர்கள் மோட்டார் சத்தத்தை மட்டும் நம்ப மாட்டார்கள், பாத்தி ஓரமாக நடந்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கேயும் அந்த நடைதான் தேவை. ஸ்லைடை மூடியிருக்கிற டெலஸ்கோபிக் கவரைக் கழற்றி, மேசையை நகர்த்துகிற பால் ஸ்க்ரூவின் நட்டுக்குப் போகிற டியூபை எடுத்துவிட்டு, பம்பின் மேனுவல் பட்டனை அழுத்தி, டியூப் நுனியில் சொட்டு திரள்கிறதா என்று பாருங்கள். டிராக் செயினுக்குள் (டியூபையும் வயரையும் சுமந்து மேசையோடு மடங்கி நகர்கிற சங்கிலி) ஓடுகிற டியூபைக் கூடுதலாகவே சந்தேகப்படலாம், ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நைலான் வெளுத்து அங்கேதான் வெடிக்கும்.

கவரைக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. 10 பாயிண்ட், தலைக்கு 0.1 சிசி, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் மணிக்கு 3 சிசி, மூன்று ஷிப்டும் ஓடினால் ஒரு நாளைக்கு 72 சிசி. 2 லிட்டர் டேங்க் சுமார் 28 நாளில் காலியாகியே தீர வேண்டும். டேங்கில் மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரமாக லெவல் இறங்கவே இல்லையா, "ஆயில் மிச்சமாகுது" என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கே மெஷினை நிறுத்திப் பாருங்கள்.

ஆயில் விஷயத்திலும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஸ்லைடுவே ஆயிலும் 68, ஹைட்ராலிக் ஆயிலும் 68 என்று பக்கத்து டிரம்மிலிருந்து ஊற்றிவிடுகிறார்கள். கெட்டித்தன்மை ஒன்றுதான், ஆனால் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டு நிற்கிற குணமும், மெதுவாக நகரும்போது திக்கித் திக்கிப் போகாமல் காக்கிற குணமும் ஸ்லைடுவே ஆயிலுக்குத்தான் உண்டு. அப்புறம் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையை நாம் மறக்க முடியாது. டேங்குக்குள் தண்ணீர் இறங்கினால் அது அடியில் போய்த் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான், ஆக முதலில் ஸ்லைடுக்குப் போவது தண்ணீர். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் மேலே புது ஆயில் ஊற்றிச் சமாளிக்காதீர்கள், முழுதாக வடித்து, ஸ்ட்ரெய்னரைக் கழுவி, லைனையும் ஃப்ளஷ் செய்யுங்கள்.

ஒரு கம்பெனியில் லூப்ரிகேஷன் அலாரம் அடிக்கடி வருகிறது என்று பிரஷர் சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். உற்பத்தி நெருக்கடி எனக்கும் தெரியும், ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. டியூபும், அதை இறுக்கிப் பிடிக்கிற ஃபெர்ரூல் வளையமும் டீக்காசு, மேசையைத் தாங்குகிற லீனியர் கைடு மாற்றினால் மாதச் சம்பளத்தை முழுங்கும்.

கடைசியாக, டியூப் மாற்றுகிறவர்களுக்கு. 4 மில்லிமீட்டர் நைலான் டியூபின் உள்விட்டம் 2.5 என்றால், 3 மீட்டர் நீளத்துக்குள் கிட்டத்தட்ட 15 சிசி பிடிக்கும். வெறும் டியூபை மாட்டினால், தடவைக்கு 0.1 சிசி கணக்கில் ஆயில் மறுமுனைக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும், அதுவரை அந்த பாயிண்ட் காய்ந்துதான் ஓடும். அதனால் ஆயில் கேனால் டியூபை நிரப்பி, காற்றை வெளியே தள்ளிவிட்டு மாட்டுங்கள்.