வேலை போன வீட்டில் ஜெபம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். மார்ச்சில் வேலை போயிற்று என்று கம்பெனியிலிருந்து மெயில் வரும். பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அன்று ராத்திரியே கணக்கு ஓட ஆரம்பிக்கும். ஈஎம்ஐ, பள்ளிக் கட்டணம், வேலையோடு சேர்ந்து போகிற மருத்துவக் காப்பீடு. வெளியே சொல்லாத சங்கடம் இன்னொன்றும் உண்டு. அந்த அட்டையைப் பார்க்கவே பிடிக்காது.

அட்டையில் எரேமியா 29:11 இருந்தால் இன்னும் மோசம். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருமே, அந்த வசனம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருப்பதை அட்டை அடிக்கிறவர்கள் போடுவதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பின கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்த சமயம். எரேமியாவோ வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். ஊரை விட்டு வந்து பெங்களூருவில் பிழைக்கிற நமக்கு 5 முதல் 7 வரை உள்ள வசனங்கள்தான் அதிகம் பொருந்தும். மூன்று மாதத்தில் வேலை என்று கர்த்தர் அதில் எங்கும் சொல்லவில்லை. சொல்லாததை அவர் செய்யவில்லை என்று மனம் கசந்துபோகிற விசுவாசிகள் நிறையப் பேர்.

கஷ்டத்தில் முதலில் நின்றுபோவது தனி ஜெபம். ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராது, வேறென்ன சொல்வது என்றும் தெரியாது. சங்கீதம் 13-ஐத் திறந்து பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வந்துவிடும். 3, 4-ல் விண்ணப்பம், 5, 6-ல் நம்பிக்கை.

இதே வரிசையில் ஒரு நோட்டில் எழுதிப் பழகலாம். பக்கத்தின் மேல்பாதி முழுவதும் முறையீட்டுக்கு. ‘என் பாடுகளை நீர் அறிவீர்’ என்று பொதுவாக எழுதினால் மனசு அசையாது. ‘கர்த்தாவே, இந்த இன்டர்வியூவிலும் கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன், ஜூனிலிருந்து வாடகை இரண்டாயிரம் கூடுமென்று ஓனர் சொல்லிவிட்டார், எதுவரைக்கும்?’ இப்படித் தொகையும் தேதியுமாக எழுதுங்கள். அதன் கீழே விண்ணப்பம், இன்றைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சங்கீதக்காரன் கேட்டது கண்களைத் தெளிவாக்கும் என்றுதான், ராஜ்யத்தை அல்ல. கடைசி இரண்டு வரியில் தேவன் முன்பு செய்த ஒரு காரியம். உணர்ச்சி பொங்க வேண்டியதில்லை, நடந்ததை எழுதினால் போதும். மொத்தம் பத்து நிமிஷம். நைட் ஷிஃப்ட் பழகினவர்கள் விடியற்கால ஜெபத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், விழிப்பாக இருக்கிற நேரம் எதுவோ அதில் செய்யலாம்.

இதில் தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். முறையிடுவது முறுமுறுப்பு என்று பயந்து நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுகிறோம். வனாந்தரத்தில் இஸ்ரவேல் முறுமுறுத்தது வேறு. அவர்கள் கூடாரங்களில் உட்கார்ந்து தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். சங்கீதக்காரன் தேவனிடமே பேசுகிறான். ஐந்தாம் வசனம் வராத நாளும் உண்டு, அதற்கு சங்கீதம் 88 இருக்கிறது. பதினெட்டு வசனமும் இருட்டிலேயே முடியும். ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று கூப்பிடுகிற முதல் வரியைத் தவிர அதில் நம்பிக்கையாக ஒன்றுமில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. புலம்பல் ஆகமத்தில் அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வசனம் ஐந்து அதிகாரங்களில் நடு அதிகாரத்தில் வருகிறது, அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேறி வியாழக்கிழமை மறுபடி உடைந்துபோனால் அதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்திலிருந்து விலகுவது, என்று யாராவது சொன்னால் இந்த ஆகமத்தைக் காட்டுங்கள்.

உடம்பையும் பார்க்க வேண்டும். 1 இராஜாக்கள் 19-ல் சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவைத் தூதன் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அவர்கள் போனையும் சீரியலையும் விட்டு உபவாசிக்கட்டும். விசுவாசத்தால் மாத்திரையை நிறுத்து என்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் கேட்காதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளத்தான் எழுதினார். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். சாவு எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

காணிக்கை விஷயம் சுருக்கமாக. வருமானமே இல்லாதபோது அதில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்குக் கணக்கு ஏது? 2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறது. கடன் வாங்கி விதைக்காணிக்கை போட்டால் வேலை வரும் என்பது வியாபாரம். பதட்டத்தில் பெரிய பொருத்தனை பண்ணிவிட்டுப் பின்னால் தவிப்பதைவிட, பிரசங்கி 5:5 சொல்கிறபடி நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்.

அப்புறம் சபை. ‘தம்பி, வேலை கிடைச்சிருச்சா?’ என்ற கேள்விக்குப் பயந்தே ஆராதனைக்கு வராமல் யூடியூபில் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஓரிரு வாரம் பரவாயில்லை. நீண்டால் ஆள் வராததைக் கவனிக்க யூடியூபில் யாரும் இருக்கமாட்டார்கள். சபை முழுக்கச் சொல்ல வேண்டாம், வாய் காக்கிற இரண்டு பேரிடம் சொல்லுங்கள். ‘ஜெபிச்சுக்கோங்க’ என்பதோடு, என்ன உதவி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்க கம்பெனியில் என் ரெஸ்யூமைக் கொடுங்கண்ணா, வியாழக்கிழமை மட்டும் பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவந்துடுங்கக்கா. வேலை போனவரைப் பார்க்கப் போகிறவர்கள், எல்லாம் இழந்த யோபைப் பார்க்க வந்த சிநேகிதர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பாவம் ஏதாவது இருக்குமோ என்று விளக்க ஆரம்பித்ததும் கெட்டது, கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவர்கள்மேல் கோபமூண்டு பேசுகிறார். அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு ஜெபம் பண்ணி, அரிசி பருப்பு வாங்கிப் போயிருந்தால் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

சாட்சி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்தவர் மட்டுமே மைக்கைப் பிடிப்பது நம் வழக்கம். தானியேல் 3-ல் ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேர் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று சொன்னது அக்கினிச்சூளைக்குள் போவதற்கு முன்னால். இன்னும் கிடைக்கவில்லை, கர்த்தரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்கிறவருக்கும் மாதம் ஒருமுறை இரண்டு நிமிஷம் கொடுக்கலாம். பாஸ்டர் முன்கூட்டியே தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். ஆராதனை நடுவில் திடீரென்று மைக்கை நீட்டினால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.