அடிலெய்டு டு உலுரு

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உள்ள கிளெனெல்க் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வடக்கே கிளம்பினோம். போர்ட் அகஸ்டாவோடு ஸ்பென்சர் வளைகுடா முடிகிறது. அப்புறம் கடல் கிடையாது, லேக் ஹார்ட் மாதிரி வெள்ளைவெளேர் உப்பு ஏரிகள்தான். கிளெண்டாம்போவை விட்டால் கூபர் பீடி வரை சுமார் 250 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க்கே இல்லை. எதிரே ரோடு ட்ரெயின் கடந்தால் கார் ஒரு ஆட்டம் ஆடும். இருக்காதா பின்னே, 53 மீட்டர் நீள லாரி!

எனக்குப் பிடித்தது கூபர் பீடிதான். 1915இல் ஓப்பல் என்ற ரத்தினக் கல் கிடைத்த ஊர். கோடையில் 40 டிகிரி தாண்டுவதால் பாறையைக் குடைந்து வீடு, சர்ச், ஹோட்டல் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் அறைச் சுவரில் குடைந்த இயந்திரத்தின் வட்ட வட்டத் தழும்புகள் அப்படியே இருந்தன. ஏசி இல்லை, தேவைப்படவும் இல்லை. ஜன்னலும் இல்லை, அதனால் விடிந்ததே தெரியாமல் தூங்கினோம்.

உலுரு என்ற பிரம்மாண்டமான பாறையில் 2019 அக்டோபரிலிருந்து ஏறத் தடை. அங்கத்திய பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனித இடம், ரொம்பச் சரியான முடிவு. அடிவாரத்தைச் சுற்றி நடக்கலாம், பத்து கி.மீ. வரும். சூடான மாதங்களில் போகிறவர்கள் முகத்துக்கு ஈ வலை வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், பரவாயில்லை. அந்த ஈக்கள் கண், மூக்கு, காது எதையும் விடாது.