கூம்பு முனையில் இருக்கும் நிறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இயற்பியல் டியூஷன் எடுப்பவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். ஈர்ப்பு நான்காம் படிவத்தில், குவாண்டம் ஐந்தாம் படிவத்தின் கடைசிப் பாடத்தில். இரண்டும் எங்கே சேரும், டீச்சர்? நிறை வெளியை வளைப்பதுதான் ஈர்ப்பு என்பதை ரப்பர் விரிப்பில் குண்டை வைத்துக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விரிப்பு குழிவதற்கே கீழே பூமியின் இழுப்பு வேண்டியிருக்கிறது.

மணிலா அட்டை போதும். 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வெட்டி, 60 பாகைத் துண்டை நீக்கி, விளிம்புகளைச் சேர்த்தால் கூம்பு. நூலால் சுற்றளவை அளந்தால், 62.8 செ.மீ. இருந்த இடத்தில் 52.4 வர வேண்டும். அதற்கும் குறைந்தால் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஓரத்தில் 1 செ.மீ. ஏறினாலே ஏறக்குறைய 6 பாகை கூடுதலாகப் போய்விடும். உள்பக்கம் டேப் ஒட்டுவதே சரி. பிறகு மெல்லிய காகித நாடாவை மடங்காமல் படியவைத்து நேர்கோடுகள் போடச் சொல்லுங்கள். முனையைச் சுற்றி வரும் முக்கோணத்தின் கோணங்கள் கூட்டினால் 240 பாகை. முனை வெளியே இருந்தால் வழக்கமான 180. வளைவு முழுக்க முனையில்தான்.

இரண்டு இடப் பரிமாணமும் காலமும் மட்டுமே உள்ள மாதிரி உலகில், நிறையையும் வளைவையும் இணைக்கும் ஐன்ஸ்டைன் சமன்பாடு சொல்வது இதையேதான்: முனையில் நீங்கிய கோணம் அங்கிருக்கும் நிறைக்கு நேர்விகிதம். அங்கே நிறையை வடிவியலிலிருந்து பிரித்துக் காட்ட வழியில்லை. இத்தாலிய இயற்பியலாளர் துல்லியோ ரெட்ஜே 1961-இல் வளைவை முக்கோணங்களால் கணக்கிடும் முறையைக் கொடுத்தார். செம்பனை 9 மீட்டர் முக்கோண நடவைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்: ஒரு மரத்தைச் சுற்றி ஆறு சமபக்க முக்கோணம் என்றால் தட்டை, ஐந்து என்றால் அதே 60 பாகைக் குறைவு. நான்கு பரிமாணத்தில் அந்தக் குறைவு முக்கோணங்களின் மேலேயே அமரும்.

சிக்கல் அடுத்த படியில். குவாண்டம் துகள் இங்கும் அங்கும் சேர்ந்த நிலையில் இருக்கலாம். முனை எங்கே? சராசரி எடுத்தால் இரண்டு முனை, தலா 30 பாகை. தேடிப் பார்த்தாலோ முழு நிறையும் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த நொடியில் 30 பாகை ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்க வேண்டும். ஆற்றல் அப்படித் தாவுவதை ஐன்ஸ்டைன் சமன்பாடு ஏற்காது. ஆகவே வடிவியலும் சேர்ந்த நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கத்தான் வேண்டும். 2017-இல் வந்த திட்டம்: ஏறக்குறைய 10⁻¹⁴ கிலோ எடையில் இரண்டு வைரத் துகள்கள், ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் பிரிந்த இரட்டை நிலையில், அருகருகே. ஈர்ப்பு மட்டுமே அவற்றுக்கிடையே குவாண்டம் பின்னலை (ஒன்றின் நிலையை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத பிணைப்பை) உண்டாக்கினால், ஈர்ப்பு வெறும் சராசரியாக இருக்க முடியாது. ஒரே ஒரு வாயு மூலக்கூறு மோதினாலும் நிலை கலைந்துவிடும் என்பதால், மிக உயர்ந்த வெற்றிடமும் கடுங்குளிரும் தேவை.