பேத்தியின் பையும் அம்மாவின் பையும்

அம்மாவுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்த அன்றிரவே என் கணவர் பழைய ஃபைலைத் தேடி எடுத்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன் மகள் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தை ஒரு தனியார் வங்கியில் உறையவைத்தோம். வருடா வருடம் பணமும் கட்டுகிறோம். கொடி இரத்தத்தில் இருக்கும் என்.கே. செல்கள், அதாவது கெட்டுப்போன செல்களைக் கொல்லும் நோய் எதிர்ப்பு செல்கள், இந்த நோயைக் குணமாக்குகின்றன என்று அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நம்மிடம்தான் ஒரு பை இருக்கிறதே!

மறுவாரம் கோலாலம்பூரின் செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறி அம்பாங் மருத்துவமனைக்குப் போனோம். ஃபைலை நீட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை, ஒரு தாளை எடுத்து வட்டம் வட்டமாக வரைய ஆரம்பித்தார்.

அத்தை அனுப்பியது முழுப் பொய் இல்லையாம். ஹியூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் கேட்டி ரெஸ்வானி குழுவினர் கொடி இரத்தத்திலிருந்து என்.கே. செல்களைப் பிரித்து, புற்றணுவின் மேலிருக்கும் சிடி19 புரதத்தை அடையாளம் காணும் மரபணுவைப் புகுத்தி, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி ஏற்றினார்கள். 2020-இல் வெளிவந்த முடிவில், 11 பேரில் 8 பேருக்குப் பலன். அதில் 7 பேருக்கு நோயின் தடயமே தெரியவில்லை. டி செல் என்பது இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல்; அடுத்தவருடையதை ஏற்றினால் அது நம் உடம்பையே தாக்கக்கூடும். என்.கே. செல் அந்த வம்புக்குப் போவது அரிது, அதனால் இரத்த உறவு தேவையில்லை.

“அப்போ பேத்தி இரத்தம்தான் வேணும்னு இல்லையா?” என்றேன்.

“முன்பின் தெரியாத குழந்தையோடது போதும். உங்க பையில இருக்கிறது அரிசி மாதிரி. சோறாக்க அடுப்பு வேணும். அந்த அடுப்பு இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில இருக்கு.”

சும்மா இருக்க முடியுமா? கோலாலம்பூரில் ‘என்.கே. செல் ஊசி’ பேக்கேஜ் விற்கும் ஒரு கிளினிக்குக்கு போன் போட்டேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த கேள்விகளைக் கேட்டேன்: மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ-வின் அனுமதி இருக்கிறதா? ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே, எங்களிடம் ஏன் பணம்? எதிர்முனையில் இருந்த பெண் இரண்டுக்கும் பதில் சொல்லாமல், இந்த வாரமே பதிந்தால் வைட்டமின் டிரிப் இலவசம் என்றார். சரி, அதோடு வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இரண்டாம் கட்ட கீமோ நடந்தது. அப்புறம் அவருடைய சொந்த ஸ்டெம் செல்லையே, அதாவது இரத்தத்தை உருவாக்கும் மூல செல்லையே, பின்னால் அவருக்கே ஏற்றுவதற்காக எடுத்து வைப்பது என்று முடிவானது. அதற்கு முன், அந்த செல்களை எலும்பிலிருந்து இரத்தத்துக்குக் கொண்டுவர சில நாள் ஊசி. இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறிக்கிறது என்று இரவெல்லாம் புலம்பினார். எடுத்த அன்று மணிக்கணக்கில் எந்திரத்தோடு படுத்திருந்தார். ஒரு குழாயில் இரத்தம் போக, இன்னொன்றில் திரும்பி வந்தது. மேலே தொங்கிய சின்னப் பையில் தக்காளிச் சாறு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

“இதையும் ஐஸ்ல வைப்பாங்களா?”

“ஆமாம்மா.”

“வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்னு இப்பவே கேட்டு வச்சுக்க,” என்றார்.