ஒலிம்பியாவில் பவுசானியாஸை எந்த வரிசையில் படிப்பது?

கிரேக்கர்களின் பயண எழுத்து என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது முசிறியைக் குறித்துவைத்த பெரிப்ளஸ். அது கப்பல்காரர்களுக்கும் வணிகர்களுக்குமான கையேடு. கோயிலும் சிலையும் பார்க்கப் போகிறவர்களுக்கு எழுதியவர் பவுசானியாஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தை 10 நூல்களாக எழுதினார். அவற்றில் 5, 6 ஆகிய இரண்டிலும் பெரும்பகுதி பண்டைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாதான். 1875இல் ஜெர்மானியர்கள் இங்கே அகழ்ந்தபோது அவர் வரிகள்தான் வழிகாட்டி. இன்றைக்கும் இடிபாடுகளுக்கு நடுவே அவரை விட நல்ல துணை கிடையாது.

ஆனால் முதல் பக்கத்தில் தொடங்கிப் படித்துக்கொண்டே நடந்தால் கால்வலிதான் மிச்சம். 5ஆம் நூலின் முதல் 9 அதிகாரங்கள் ஒலிம்பியா அடங்கிய எலிஸ் நாட்டு வரலாறும் போட்டிகளின் கதையும். அதை முந்தைய நாள் இரவே அறையில் படித்துவிடுங்கள். ஜீயஸ் கோயில் 10ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. இன்னொரு சிக்கல்: இன்றைய நுழைவாயில் வடமேற்கில். உள்ளே போனதும் எதிர்ப்படும் உடற்பயிற்சிக் கூடத்தை அவர் 6.21இல், கடைசியாகத்தான் சொல்கிறார். எண்களுக்குப் பயப்பட வேண்டாம். நூல், அதிகாரம், பத்தி என்ற இந்த முறை எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றுதான்.

திசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு விலமோவிட்ஸ் என்ற ஜெர்மானியப் பேரறிஞரே சாட்சி. 1873இல் பிரபுக்கள் சிலரை ஒலிம்பியாவிலிருந்து ஹெரையா என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். பவுசானியாஸ் எழுதியிருந்ததோ ஹெரையாவிலிருந்து வரும் வழியை. குழு வழி தவறியது. அதன்பின் ஆயுள் முழுக்க பவுசானியாஸைத் திட்டித் தீர்த்தார் அந்த மனிதர்!

பலிபீடங்களைத் தேடி அலைவது அடுத்த வீண்வேலை. 5.14, 5.15 அதிகாரங்களில் அவர் அடுக்குவது எலிஸ்காரர்கள் பலியிடும் வரிசை. பக்கத்து வரியில் இருப்பது பக்கத்து இடத்தில் இருக்காது. இதை அவரே எச்சரித்திருக்கிறார். அந்தப் பகுதியில் சிற்பி ஃபிடியாஸின் பட்டறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் (5.15.1). ஜீயஸின் தங்க, தந்தச் சிலை உருவான இடம். பின்னாளில் அதன் மேல் கிறிஸ்தவ தேவாலயம் கட்டிவிட்டார்கள். 1950களின் அகழ்வில் அங்கே சிலை ஆடைக்கான களிமண் அச்சுகள் கிடைத்தன.

அவர் வார்த்தையை அப்படியே வைத்து நடக்கக்கூடிய இடம் 5.21. மெட்ரோவன் என்ற தாய்த்தெய்வக் கோயிலிலிருந்து ஓட்டக்களத்துக்குப் போகும்போது இடப்பக்கம், குரோனோஸ் குன்றின் அடியில் படிகள் வைத்த கல்மேடு. அதை ஒட்டி ஜீயஸின் வெண்கலச் சிலைகள். போட்டியில் ஏமாற்றியவர்களிடம் வாங்கிய அபராதத்தில் செய்தவை. முதல் ஆறும் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்த யூபோலஸ் என்ற குத்துச்சண்டைக்காரனால் வந்தவை (கி.மு. 388). சிலைகள் போய்விட்டன, 16 பீடங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. பெரும்பாலோர் ஓட்டக்களத்தில் படம் எடுக்கும் அவசரத்தில் இவற்றைக் கவனிக்காமலே தாண்டிப்போகிறார்கள்.

ஹீரா கோயிலில் தூண்களைப் பாருங்கள்: தடிமனும் தலைப்பகுதியும் ஆளுக்கொரு விதம். ஆதியில் மரத்தூண்கள், ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாற்றினார்கள். பின்மண்டபத்தில் ஒரு கருவாலித் தூண் இன்னும் நிற்கிறது என்கிறார் (5.16.1). இதே கோயிலில் குழந்தை டயோனிசஸைத் தூக்கிய ஹெர்மீஸ் தெய்வத்தின் சிலை இருப்பதாகவும், அது சிற்பி பிராக்ஸிடெலீஸின் வேலை என்றும் ஒரே வரியில் சொல்லிப் போகிறார் (5.17.3). 1877இல் அங்கேயே கிடைத்தது. சுவர்களின் மேற்பகுதி சுடாத பச்சைச் செங்கல். அது கரைந்து சேறாகிச் சிலையை மூடிக் காத்தது. பிராக்ஸிடெலீஸே செதுக்கியதா, பிற்காலத்து வேலையா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை.

அவர் சொல்லாததை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். ஹீரா கோயிலை ஒட்டி ஹெரோடெஸ் அட்டிகஸ் என்ற செல்வந்தர் கட்டிய பெரிய நீரூற்று மண்டபம் அவர் காலத்தில் புதுசு. அதைப் பற்றி மூச்சே விடவில்லை. பழையதும் புனிதமானதும்தான் அவருக்குப் பொருட்டு.

களத்தை முடித்துவிட்டு அருங்காட்சியகம் போங்கள். பயோனியஸ் செய்த வெற்றித் தேவதையின் கல்வெட்டில் எதிரி யார் என்றே இல்லை. ஸ்பார்ட்டாவுக்குப் பயந்து பெயரை விட்டுவிட்டோம் என்று அதைக் காணிக்கையாக வைத்த மெசேனியர்கள் சொன்னதாக அவர் எழுதுகிறார் (5.26.1), அவருக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஜீயஸ் கோயில் முகப்புச் சிற்பங்களுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் உஷார். மேற்கு முகப்பின் நடுவே நிற்பவனை அவர் புராண மன்னன் பெய்ரிதூஸ் என்கிறார். இன்று பெரும்பாலோர் அப்பல்லோ என்கிறார்கள். கிழக்கு முகப்பில் ஜீயஸுக்கு வலப்பக்கம் இன்னார், இடப்பக்கம் இன்னார் என்று எழுதியவர், அது பார்ப்பவரின் வலமா ஜீயஸின் வலமா என்று சொல்லாமல் விட்டார். அறிஞர்கள் ஆளுக்கொரு வரிசை போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கும் வரிசையும் அவற்றில் ஒன்றுதான்.